அத்தை ஓட்டிய கார்

இருபத்திரண்டு வயதில், திருப்பனந்தாள் பஸ் ஸ்டாண்டில், நாலு பேர் பார்க்க என்னைக் கன்னத்தில் அறைந்தவள் என் அத்தை. பி.இ. முடித்த கையோடு ஊருக்கு வந்திருந்தேன். பஸ் நிற்பதற்கு முன்னால் படியிலிருந்து குதித்துவிட்டேன், அவ்வளவுதான் குற்றம். அறைந்துவிட்டு என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "கெண்டைக் குழம்பு வச்சிருக்கேன், வா" என்றாள். பக்கத்தில் பூ விற்ற அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்குப் போய் அந்தக் குழம்பை இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பாவுக்கு ஒரே தங்கை அவள். அவளுக்கும் கீழே சித்தப்பா. அப்பா சென்னையில் பாங்க் மேனேஜராக இருந்தார். சித்தப்பா அமெரிக்காவில் வீடு வாங்கிக் குடியேறிவிட்டார். கொள்ளிடக் கரையோரம் எங்கள் ஊரில், பழைய வீட்டையும் வயலையும் பார்த்துக்கொண்டு அத்தை மட்டும் இருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. ஒல்லியான உடம்பு, நல்ல உயரம். இடது மணிக்கட்டு மட்டும் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். சின்ன வயதில் கார்க் கதவில் கை மாட்டிக்கொண்டது என்று வீட்டில் சொல்வார்கள்.

எங்கள் ஊரில் அவள் கை படாத முதுகு குறைவு. மனிதர்கள் மட்டும் என்றில்லை. ரேடியோ கரகரத்தால் தலையில் ஒரு போடு. பம்ப்செட் மோட்டார் முனகினால் ஸ்டார்ட்டர் பெட்டியைக் கட்டையால் ஒரு சாத்து, அது ஓடிவிடும். ஓடித் தொலைத்ததால் அவளுக்கு அந்த வைத்தியத்தின் மேல் நம்பிக்கை கூடிவிட்டது. எனக்கும் சட்டென்று கை ஓங்கும் புத்தி உண்டு. "அத்தை வழி வந்திருக்கு" என்று அம்மா திட்டுவாள். அப்பா வழி என்று யாரும் சொன்னதில்லை. அப்பா சாந்தமானவர், வேலைக்காரரைக்கூட அதட்டிப் பேசாதவர், பூசை முடியும்வரை முழங்காலில் நிற்பவர்.

நாங்கள் வேதக்காரர்கள். பதினெட்டு வயதில் அத்தையைக் கன்னியாஸ்திரி மடத்தில் சேர்த்தார்கள். ஒன்றரை வருஷத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சமையல்கட்டைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் ஒருத்தி, அநாதைப் பிள்ளை ஒன்றை விறகுக்கட்டையால் அடித்திருக்கிறாள். அத்தை கொதிக்கிற கஞ்சியிலிருந்து அகப்பையை உருவி அவள் முகத்தில் வீசியிருக்கிறாள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியார், "செஞ்சதுக்கு மனஸ்தாபப்படுறியா?" என்று கேட்டாராம். "இல்ல சாமி, அதையும் சேத்து ஒரு பாவமா எழுதிக்குங்க" என்றாளாம். அவளே சொன்ன கதை இது. சொல்லும்போது சிரிக்கவில்லை.

அப்புறம் ஒரத்தநாட்டிலிருந்து மாட்டு டாக்டர் ஒருவர் பெண் பார்க்க வந்தார். மாப்பிள்ளை வாயில்லாத மனுஷர். கூட வந்த தாய்மாமன் சும்மா இருந்திருக்கலாம். அவள் காபி நீட்டியதும் இடது மணிக்கட்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "குடம் தூக்க ஆகுமா?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கையாலேயே விட்டாள் ஒன்று. காபி மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு யாரும் பெண் பார்க்க வரவில்லை.

ஆனால் அவளிடம் ஒன்று இருந்தது. அடித்ததை ஒருநாளும் மறைத்ததில்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷம் ஒன்றில் முறை வைத்துப் பாய்ச்சினார்கள். எங்கள் முறையன்று மேல்வயல்காரர் வரப்பை வெட்டித் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அத்தை நேரே போனாள். மண்வெட்டியின் பின்பக்கத்தால் தோளில் போட்டாள். காறை எலும்பு முறிந்தது. அவரை டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து, தானே கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஒரு பொம்பளை அடித்தாள் என்று சொல்ல அவருக்கு வெட்கம், "வழுக்கி விழுந்துட்டேங்க" என்றார். "பொய் சொல்றாரு டாக்டர். நான்தான் அடிச்சேன்" என்று அத்தை குறுக்கே சொன்னாளாம். எலும்பு கூடும்வரை அவர் வயலுக்கும் இவளே நடவு போட்டாள். இப்படிப்பட்ட மனுஷியை வெறுக்கவும் முடியாது, பக்கத்தில் போய் உட்காரவும் பயமாக இருக்கும்.

கார் கதைக்கு வருகிறேன். தாத்தா ரைஸ் மில் வைத்திருந்தார். அவர் வாங்கிய கறுப்பு அம்பாசடர்தான் எங்கள் குடும்பத்துக்கு மட்டுமல்ல, சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் முதல் கார். மாதா திருவிழாவில் சப்பரத்துக்குப் பின்னால் அது ஊர்ந்து போகும். கோயிலில் கல்யாணம் ஆனால் பெண்ணும் மாப்பிள்ளையும் அதில்தான் வீடு திரும்புவார்கள். அதை அப்பாதான் ஓட்டுவார் என்று கேட்டு வளர்ந்தவன் நான்.

தாத்தா இறந்ததும், சொத்தில் தனக்குப் பாத்தியதை எதுவும் வேண்டாம் என்று அத்தையிடம் அண்ணன் தம்பி இரண்டு பேரும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். பதிலுக்கு அவளுக்குக் கிடைத்தது அந்தக் கார். "வயல் வேணுமா, கார் வேணுமான்னு கேட்டோம். கார்தான்னா, பைத்தியக்காரி" என்று அப்பா விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். அவள் அப்படிச் சொன்னது உண்மைதான். சொத்துக்காரி ஆகாமல், அண்ணன் தம்பியின் வயலை அவர்களுக்காகப் பார்த்துக்கொண்டு, அந்த வீட்டில் இருபது வருஷம் இருந்துவிட்டாள்.

கார் மாட்டுக்கொட்டகையில் நின்றது. பெட்ரோலுக்குக் காசில்லாமல் அதை ஓட்ட அவளுக்கு வழியில்லை. வீட்டில் எலித் தொல்லை தாங்காமல், இரும்புப் பெட்டிதானே என்று விதைநெல் மூட்டைகளைக் கொண்டுபோய்க் காரின் பின் ஸீட்டில் அடுக்கினாள். இந்த யோசனை நெல்லோடு பிறந்து வளர்ந்தவளுக்குத்தான் வரும். கனத்தில் ஸ்பிரிங் பட்டை உட்கார்ந்துபோனது. வயர் போகிற ஓட்டை வழியாக எலி உள்ளே ஏறிக் குடித்தனம் நடத்தியது. ஒரு ஐப்பசி அடைமழையில் கொட்டகை ஒழுகி, மூட்டை நனைந்து, கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே நாற்றங்கால். அன்றைக்கு அத்தை உலக்கையை எடுத்துவந்து கதவு இரண்டையும் நொறுக்கினாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஊருக்கு ஊர் என்ஜினியரிங் கல்லூரி எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் இடத்தையும் ஒரு டிரஸ்ட்டுக்காரர்கள் கேட்டார்கள், வீடு, கொட்டகை, வயல் எல்லாம் சேர்த்து. ஆற்றை நம்பி இனி பயிர் வைக்க முடியாது என்றார் அப்பா. சித்தப்பா போனிலேயே சரி என்றார். அத்தைக்குக் கும்பகோணத்தில் சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் அறை சொல்லியாகிவிட்டது. அவளுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை.

சேதி சொல்ல அப்பாவோடு நானும் போயிருந்தேன். அத்தை தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டுவிட்டு, "காரு என்னுது. அது ஓடுற அன்னிக்கு அதுல ஏறி நானே போயிடறேன். அதுவரைக்கும் ஒருத்தனும் என்னை வெளியில போன்னு சொல்லக்கூடாது" என்றாள்.

"அவ்வளவுதானே?" என்றார் அப்பா. "ஓட வச்சுட்டாப் போச்சு."

என் பக்கம் திரும்பினார். "விசா வர்றவரைக்கும் சும்மாதானே இருக்க. ஒரு மெக்கானிக்கைப் புடிச்சு ஓட வை. பழைய கார், தாத்தா ஞாபகம், நல்லபடியா செஞ்சா சித்தப்பாவும் சந்தோஷப்படுவான்."

ஆக, கார் ஓடினால் அத்தைக்கு வீடு போகும். அதை ஓட வைக்கிற வேலை எனக்கு. இதைவிடக் கேவலமான வேலையை நான் அதற்குப் பிறகு செய்ததில்லை. ஆனால் அன்றைக்குச் சரி என்றுதான் தலையாட்டினேன்.

கும்பகோணத்திலிருந்து ஒரு மெக்கானிக் பாயை அழைத்துவந்தேன். மஸ்கட் ஒர்க்‌ஷாப்பில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். எஞ்சின், டிங்கர், பெயின்ட் எல்லாம் ஒரே கை. கடப்பாரையால் நெம்பி அவர் கதவைத் திறந்ததும் எலிகள் நாலாபக்கமும் தெறித்து ஓடின. அத்தை வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பாய்ந்தாள். தரை, சுவர், பாயின் செருப்பு என்று பார்க்காமல் அடித்துத் தள்ளினாள். அடங்கியபோது அவள் சேலை முழுக்க ரத்தப் பொட்டு. ஸீட்டுக்கு அடியிலிருந்து நீளமாக ஒரு சாரைப்பாம்பு வந்தது, அதை மட்டும் போக விட்டாள். எலி தின்கிற ஜீவன் என்று அதன் மேல் மரியாதை.

"இது காரில்லைங்க, எலிப்பொந்து. எடைக்குப் போடுங்க" என்றார் பாய்.

அவர் முதுகில் விழுந்தது ஒன்று.

பாய் நிமிர்ந்தார். "அம்மா, மஸ்கட்டுல அரபிக்காரன்கூட என்மேல கை வச்சதில்ல. இன்னொரு தரம் வச்சீங்கன்னா ஸ்பேனர் பையை எடுத்துக்கிட்டுப் போயிக்கிட்டே இருப்பேன்."

அத்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "சரி. வைக்கல" என்றாள். அந்த வாக்கை அவர் ஒருவர் விஷயத்தில் கடைசிவரை காப்பாற்றினாள். எனக்கு அப்படி ஒரு வாக்கு கிடைக்கவில்லை.

அவள் வேலையைக் கெடுப்பாள் என்று நினைத்தேன். கெடுக்க வேண்டும் என்றுகூட உள்ளுக்குள் ஆசைப்பட்டேன். கார்புரேட்டரில் ஒரு பிடி மணலைப் போட்டால் வேலை ஆறு மாசம் இழுக்கும், அவளுக்கு அது தெரியாதா என்ன. ஆனால் காலையில் நாங்கள் கொட்டகைக்குப் போகும்போது அவள் முன்னாலேயே வந்து துருவைச் சுரண்டிக்கொண்டிருப்பாள். "கார் ஓடினா நீங்க போகணும், தெரியுதுல்ல அத்தை?" என்று ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

"சொன்ன வார்த்தையை மாத்துறவளாடா நான்?" என்றாள். "ஓடினா போறேன். ஓட்டிக்கிட்டுப் போறேன். நீ அந்த உப்புத்தாளை எடு."

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பாய் பிளக் ஓட்டைகளில் டீசலை ஊற்றி ஒரு வாரம் ஊறப்போட்டார். பிறகு முன்பக்கம் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை மாட்டி நானும் அவரும் மூச்சைப் பிடித்துத் திருப்பினோம். அசையவில்லை. அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹேண்டில் மேலேயே ஏறி நின்று மிதித்தாள். நாலாவது மிதியில் அது விடுபட்டு, சுழன்று வந்து அவள் தாடையில் அடித்தது. கீழே விழுந்தாள். வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, "சுத்துது பாரு" என்று எழுந்தாள். பாய் அன்று முழுக்க அவளை "அக்கா" என்று கூப்பிட்டார்.

தகரம் தட்ட மணல்மூட்டை வேண்டும் என்றார். மணலுக்கு எங்கே போவது, இருந்த நெல்மூட்டைகளை அடுக்கி, அதன்மேல் கதவைக் கழற்றிப் போட்டுச் சுத்தியலால் தட்டினார். நெல்லின் மேல் அடிக்கிறோமே என்று எனக்குக் கூசியது. "களத்துல அதைத்தானே பண்றோம்" என்றாள் அத்தை. அவளுக்கும் சுத்தியலைக் கொடுத்துப் பாய் சொல்லிக்கொடுத்தார், குழியின் நடுவில் அடிக்கக் கூடாது, ஓரத்திலிருந்து வட்டமாக வர வேண்டும், கோபமாக அடித்தால் தகடு நீண்டுவிடும். உலக்கையால் தான் நொறுக்கிய கதவுகளைத் தானே நிமிர்த்தினாள். அடி வாங்கிய பொருள் நேராவதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு தட்டுக்கும் தடவித் தடவிப் பார்ப்பாள். அந்த மூன்று மாதத்தில் ஊரில் யாரும் அவளிடம் அடி வாங்கவில்லை. மேல்வயல்காரர் வந்து, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று என்னிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

கடைசியாக மிஞ்சியது வலப்பக்க முன் மட்கார்டு. அதன் மேல் நீளவாக்கில் ஒரு குழி இருந்தது. பாய் சுத்தியலை ஓங்கும்போது அத்தை தடுத்தாள். "இதை நான் பாத்துக்கறேன்." சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மல்லாக்கப் படுத்து, அடியிலிருந்து தட்ட ஆரம்பித்தாள். நான் மேலே கட்டையை வைத்து அழுத்திப் பிடித்திருந்தேன். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"இது யாரு அடிச்சது தெரியுமா? உங்கப்பா."

கட்டையை அடுத்த இடத்துக்கு நகர்த்தி அழுத்தினேன்.

"உங்க தாத்தாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. பசங்க ரெண்டு பேரும் திருச்சி ஹாஸ்டல்ல. நான்தான்டா இந்தக் காரை ஓட்டினேன், ரெண்டு வருஷம். அப்பாவைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு மாயவரம் வரைக்கும் போயிருக்கேன்." டங், டங் என்று சுத்தியல். "லீவுக்கு வந்தாரு அண்ணன். திருவிடைமருதூர்ல யாரோ கேலி பண்ணிட்டாங்களாம், உன் தங்கச்சி ஓட்டுறா, நீ பின்னாடி உக்காந்து வருவியான்னு. நான் மில்லுலேருந்து வண்டியைக் கொண்டாந்து நிறுத்துறேன், கதவைத் திறந்து முடியைப் புடிச்சு இழுத்தாரு. இந்தக் கைதானே ஸ்டியரிங் புடிக்குதுன்னு இதும்மேல வச்சு, ஜாக்கி லீவரால ஓங்கி ஒண்ணு. நான் கையை இழுத்துக்கிட்டேன். அதான் இந்தக் குழி."

சுத்தியல் நின்றது.

"திரும்பப் புடிச்சு வச்சாரு. ரெண்டாவது அடி தப்பல."

"கார்க் கதவுன்னு சொன்னாங்களே?"

"அது தாத்தா டாக்டர்கிட்ட சொன்னது. பையன் படிக்கிறான், போலீஸ் கீலீஸ்னு போயிடக் கூடாதுன்னு. ஆஸ்பத்திரி நோட்டுல அப்படித்தான் எழுதியிருக்கும்."

"நீங்க சொல்லியிருக்கலாம்ல அத்தை? எல்லாத்தையும் போட்டு உடைக்கிறவங்க நீங்க."

"அப்பாவைப் பொய்க்காரர் ஆக்கச் சொல்றியா? அவரு செத்ததுக்கு அப்பறம் யாரும் கேக்கவே இல்லையே" என்றாள். மறுபடியும் தட்ட ஆரம்பித்தாள். சாயங்காலத்துக்குள் குழி போய்விட்டது. பாய் கையால் தடவிப் பார்த்து, மேலே பூசி நிரப்பப் பட்டியே தேவைப்படாது என்றார்.

அப்பாவின் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும் என்று விடுவிடுவென்று எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தேன். எதிர்முனையில் அப்பா வழக்கம்போல மெதுவாக, "சொல்லுப்பா, சாப்பிட்டியா?" என்றார். "கார் ரெடியாயிட்டிருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். கோழை என்றால் என்னைத்தான் சொல்ல வேண்டும்.

எஞ்சின் ஓட ஆரம்பித்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். டிரஸ்ட் மேனேஜரும் கூட வந்தார். அதற்குள் டிரஸ்ட்டுக்காரர்கள் வாசலை ஒட்டிக் காம்பவுண்டுச் சுவர் எழுப்பத் தொடங்கியிருந்தார்கள், முந்தாநாள் வைத்த செங்கல், ஈரம்கூடக் காயவில்லை. பூசை முடித்துச் சாமியாரும் வந்து தீர்த்தம் தெளித்தார். கார் கறுப்பாகப் பளபளத்தது. அத்தை வெளுத்த காட்டன் சேலை கட்டி, தலைவாரி, ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தால் மறுபடி எடுக்கச் சிரமம் என்று பாய் சொல்லியிருந்தார்.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே. காருக்கு முன்னால் போய்ச் சுவரில் சாய்ந்தாற்போல நின்று, "சித்தப்பாவுக்கு அனுப்பணும், ஒரு போட்டோ எடு" என்றார். நான் காமிராவைச் சரிசெய்தேன். மேனேஜர், "அந்தக் காலத்துல நீங்களே ஓட்டுவீங்களா சார்?" என்று மரியாதைக்குக் கேட்டார்.

"வேற யாரு? எங்கப்பா எனக்குத்தான் கத்துக்குடுத்தாரு. திருச்சிக்கே ஓட்டிட்டுப் போவேன்" என்றார் அப்பா. பிறகு அத்தையைக் காட்டிச் சிரித்தார். "இவளுக்குக் கார்னாலே பயம். சின்னதுல கதவுல கையைக் குடுத்து ஒடச்சுக்கிட்டா. இன்னிக்குத்தான் தைரியமா முன்னாடி உக்காந்திருக்கா."

அவர் பொய் சொல்கிற முகத்தோடு சொல்லவில்லை. அதுதான் கொடுமை. முப்பது வருஷத்தில் அவரே அதை நம்பிவிட்டிருந்தார்.

கியர் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. எஞ்சின் ஒருமுறை அலறியது. அப்பாவின் சிரிப்பு முகத்திலேயே இருக்க, கார் அவரை இடுப்போடு தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. பச்சைச் சுவர் அப்படியே பின்பக்கமாகச் சரிந்தது. சரிந்ததால்தான் அவர் பிழைத்தார். செங்கல் புழுதிக்குள்ளிருந்து அவர் கத்திய கத்தலை நான் அதுவரை எந்த மனிதரிடமும் கேட்டதில்லை. சாமியார் தீர்த்தச் செம்பைப் போட்டுவிட்டு ஓடினார். கார் சுவரைத் தாண்டவில்லை, பிரேக் போட்டு நின்றிருந்தது. அத்தை எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினாள். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. பாயும் நானும் செங்கல்லை அள்ளி வீச, அவள் குனிந்து அப்பாவின் தோளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினாள்.

ஆஸ்பத்திரிக்கு மாற்றுத்துணி எடுக்க வேண்டியிருந்தது. பாத்திரமும் துணியும் வீட்டில் எதுவுமே இல்லை. கடைசியில் கார் டிக்கியைத் திறந்தேன். டிரங்குப் பெட்டி, கோரைப்பாய், தலையணை, குழம்புச் சட்டி, சுவரில் சிலுவையோடு மாட்டியிருந்த பாடுபட்ட சுரூபம் துணியில் சுற்றி, ஒரு சின்ன மூட்டை விதைநெல். எல்லாம் கட்டி வைத்திருந்தாள். சொன்னபடி அன்றைக்குப் போவதற்குத்தான் தயாராக இருந்திருக்கிறாள். டிக்கி மேல் கையை வைத்துக்கொண்டு அங்கேயே அழுதேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் தொடை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். உயிருக்குப் பயமில்லை. மறுநாள் காலையில் போலீஸ் ஏட்டு நோட்டோடு வந்தார். நெற்றியில் தையலோடு அத்தை, படுக்கச் சொல்லியும் படுக்காமல், அப்பா கட்டிலின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். பாய் வாசலில் நின்றார்.

"என்ன தம்பி நடந்துச்சு? நீங்கதானே பக்கத்துல இருந்தது?" என்று ஏட்டு என்னைக் கேட்டார்.

"பிரேக் பிடிக்கல சார்" என்றேன். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தை. அத்தையை உள்ளே போடாமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பாய், "நான் போட்ட பிரேக் தம்பி..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அத்தை எழுந்து வந்தாள். ஏட்டு கண்ணெதிரிலேயே என் கன்னத்தில் இறங்கியது. "அந்த மனுஷன் பொழப்புல ஏண்டா மண்ணை அள்ளிப் போடுற?" என்றாள். ஏட்டிடம் திரும்பினாள். "பிரேக்கெல்லாம் நல்லாத்தாங்க புடிச்சுது. நான்தான் ஏத்தினேன்."

"தெரியாம நடந்திருக்கும்மா. கியர் மாறி விழுந்திருக்கும்" என்றார் ஏட்டு.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடியே எனக்குக் கியர் போடத் தெரியும்."

"அப்ப, கூடப்பொறந்தவரை எதுக்கும்மா ஏத்தினீங்க?"

"அவரைக் கேளுங்க. அவருக்குத் தெரியும்."

ஏட்டு பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அப்பாவைப் பார்த்தார். அப்பா மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்காமலே, "பிரேக்தான் ஏட்டய்யா. கேஸ் எதுவும் வேணாம்" என்றார். பிறகு, நான் கேட்டேயிராத ஒரு குரலில், அத்தையிடம் சொன்னார்: "நீ அந்த வீட்டுலயே இரு. நான் விக்கல. தம்பிகிட்டயும் நானே பேசிக்கறேன். எழுதி வேணாலும் தர்றேன். இதை இத்தோட விட்டுடும்மா."

எனக்கு அவள் காலில் விழுந்து கேட்கலாம் போல இருந்தது, ஒத்துக்கொள்ளுங்கள் அத்தை என்று. அவள் வீடு, அவள் கொட்டகை, அவள் உழுத வயல். ஒரு தலையாட்டலில் எல்லாம் கிடைத்துவிடும். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தருகே குனிந்தாள்.

"வீட்டை நீயே வித்துக்கண்ணே" என்றாள். "என் கை எப்படி ஒடஞ்சுதுன்னு இவருகிட்ட சொல்லு. அது போதும்."

"கார்க் கதவுல..." என்று அப்பா வாய் திறந்தார். பழக்கத்தில் வந்துவிட்டது. பாதியிலேயே நின்று, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அத்தை ஸ்டூலை ஏட்டின் அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எழுதுங்க" என்றாள். தன் பெயர், தகப்பனார் பெயர், வயசு எல்லாம் சொன்னாள். பிறகு, தனக்குப் பதினேழு வயசாக இருந்தபோது மில்லிலிருந்து காரை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தியதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். கோபமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். ஜாக்கி லீவர் எவ்வளவு நீளம் என்று ஏட்டு கேட்டார், கையை அகட்டிக் காட்டினாள். நேற்று கியர் போட்டதுவரை எழுதி முடிக்க நாலு பக்கம் ஆனது. அதோடு வீடு போயிற்று, அவளும் உள்ளே போக வேண்டியிருக்கும் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும்தான்.

"பாத்த சாட்சி யாரு?" என்று கேட்டார் ஏட்டு.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் நோட்டை வாங்கி, அவள் போட்ட கையெழுத்துக்குக் கீழே, அவர் பார்க்கவே என் பெயரை எழுதினேன்.